ஹாடீடா கத்தும் ஊரில் உங்கள் பிள்ளை: டர்பனுக்குக் குழந்தையோடு வருகிறவர்களுக்கு

நாங்கள் கோவில்பட்டியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து இறங்கியது ஒரு ஜனவரி மாதம். மகளுக்கு ஆறு வயது முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. விசா, வாடகை வீடு, பள்ளிச் சேர்க்கை, கணவரின் வேலை என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். பிள்ளையின் பயத்துக்கு மட்டும் என் கையில் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது: "பயப்படாதே." முதல் பத்து நாளில் அதை நூறு முறையாவது சொல்லியிருப்பேன். அப்புறம் ஒரு நாள்தான் கவனித்தேன், அவள் என்னிடம் எதையுமே சொல்வதில்லை. சொன்னால் அம்மா என்ன சொல்லுவாள் என்று அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது.

இப்போது வேலைக்காக இந்த ஊருக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் யார் மூலமாவது என் எண்ணை வாங்கிக் கூப்பிடுகிறார்கள். புழுங்கல் அரிசி எங்கே கிடைக்கும், எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம் என்று ஆரம்பித்து, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "பிள்ளை ராத்திரியெல்லாம் அழுறான், என்ன செய்றதுன்னே தெரியல" என்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். நாலு வயதிலிருந்து எட்டு, ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகள் என் மனதில் இருக்கிறார்கள்.

முதல் வேலை, "பயப்படாதே"வை விட்டுவிட்டு "எது?" என்று கேட்பது. "எதும்மா பயமா இருக்கு? சத்தமா, ஆளா, இடமா?" பிள்ளைக்கு ஊர் முழுக்கப் பயமாகத் தெரியும். ஆனால் உள்ளே கிடப்பது நாலைந்து தனித்தனி விஷயங்கள். அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, பெயர் சொல்லி, கூடவே போய்ப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வர வேண்டும். கீழே இருப்பதெல்லாம் அதற்கான வழிகள்தான்.

காதிலிருந்து தொடங்குங்கள்

பெரியவர்கள் புது ஊரைக் கண்ணால் பார்க்கிறோம். குழந்தைகளுக்கு அது முதலில் காது வழியாகத்தான் வருகிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆனது.

இந்திய நேரம் இங்கத்திய நேரத்தைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருப்பதால், வந்த புதிதில் பிள்ளைகள் விடிகாலை மூன்று, மூன்றரைக்கே விழித்துக்கொள்வார்கள். டர்பனில் ஜனவரியில் ஐந்து மணிக்கெல்லாம் விடிந்துவிடும். அந்த விடிகிற நேரத்தில்தான் ஹாடீடா என்கிற பறவை கத்தும். கேட்டிராதவர்களுக்கு எப்படிச் சொல்வது? யாரையோ கழுத்தைப் பிடித்து நெரிக்கிற மாதிரி, கூரைக்கு நேர் மேலே, 'ஹா... ஹா-டீ-டா' என்று தொண்டை கிழியக் கூவிக்கொண்டு பறந்து போகும். ஒன்று கத்தினால் நாலு சேர்ந்து கத்தும். முதல் நாள் எனக்கே நெஞ்சு அடைத்தது. மகள் போர்வைக்குள் சுருண்டு, "யாரோ அழுறாங்கம்மா" என்றாள். நான் வழக்கம்போல, "ஒண்ணும் இல்ல, தூங்கு" என்றேன். ஒன்றும் இல்லாமலா அப்படிக் கத்தும்? அவள் கேட்ட சத்தத்தை நான் இல்லை என்று சொன்னேன். அதுதான் நான் செய்த பெரிய தவறு.

பிறகு ஒரு காலையில் அவளைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். எதிர்வீட்டுப் புல்தரையில் இரண்டு பறவைகள். நம் ஊர்க் குளத்தில் மேயும் அரிவாள் மூக்கனின் சொந்தக்காரன்தான் ஹாடீடா. கீழே வளைந்த நீண்ட மூக்கு, சாம்பல் பூத்த உடம்பு, வெயில் பட்டால் இறக்கையில் பச்சையும் ஊதாவுமாக ஒரு மினுமினுப்பு. மூக்கை மண்ணுக்குள் விட்டுப் புழு எடுத்துத் தின்றுகொண்டு, நம்ம ஊர்த் தாத்தாக்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பதுபோல மெதுவாக நடந்துகொண்டிருந்தன. "இதுவா கத்துச்சு?" என்று கேட்டுவிட்டு நெடுநேரம் பார்த்தாள். மறுநாள் கத்தியபோது விழித்தாள், அழவில்லை. "தாத்தா வந்துட்டாரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி 'சத்த நோட்டு' என்று பெயர் வைத்தோம். எந்தச் சத்தம் அவளைத் திடுக்கிட வைத்தாலும் அதில் படம் வரைய வேண்டும். பக்கத்தில் நான் எழுதுவேன்: யார் போடுகிற சத்தம், எதற்குப் போடுகிறார்கள். நகரும் கேட்டின் மோட்டார். மழை பெய்ததும் ராத்திரி முழுக்கக் கத்தும் தவளை. கூரைமேல் தடதடவென்று ஓடும் குரங்கு (இங்கத்தியக் குரங்குக்குச் சாம்பல் உடம்பு, கறுப்பு முகம். சமையலறை ஜன்னல் திறந்திருந்தால் ரொட்டியும் வாழைப்பழமும் போய்விடும். சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் நிற்கக் கூடாது என்று பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்). சாலையில் ஓயாமல் ஹாரன் அடித்துக்கொண்டு போகும் மினிபஸ் டாக்சி. நம் ஊர் மினிபஸ்ஸில் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயரைக் கூவுவார் இல்லையா, இங்கே அந்த வேலையை ஹாரன் செய்கிறது, "ஏறுறீங்களா, ஏறுறீங்களா" என்று கேட்கிறது. அதைச் சொன்ன பிறகு ஒவ்வொரு ஹாரனுக்கும் அவள் காருக்குள்ளிருந்தே, "வேணாம், நாங்க நடந்தே போறோம்" என்று பதில் சொல்ல ஆரம்பித்தாள்.

நோட்டில் மொத்தம் பதினாலு சத்தம் சேர்ந்தது. அதற்கப்புறம் அவளுக்கு நோட்டு தேவைப்படவில்லை.

தெரிந்த வார்த்தைதான் அதிகம் குழப்பும்

ஆங்கிலம் தெரியாத பிள்ளை தெரியாது என்று சும்மா இருந்துவிடும். ஓரளவு தெரிந்த பிள்ளைதான் தென்னாப்பிரிக்காவில் தடுமாறும், ஏனென்றால் தெரிந்த சொற்களுக்கே இங்கே வேறு பொருள். பள்ளிக்கு அனுப்பும் முன் இந்த மூன்றை மட்டும் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்.

'ஷேம்.' நம் ஊர் நர்சரிப் பிள்ளைக்கு இது எப்படிப்பட்ட சொல் என்று தெரியும். சட்டை நழுவினால் வகுப்பே சேர்ந்து 'ஷேம் ஷேம்' என்று கத்தும். இங்கே அது பரிவுச் சொல், கொஞ்சல் சொல். கைக்குழந்தையைப் பார்த்தாலும் 'ஷேம்', காலில் அடிபட்டாலும் 'ஷேம்'. "ஐயோ பாவம்", "அடி கண்ணு" இரண்டும் அதற்குள் இருக்கிறது. பள்ளியின் முதல் வாரத்தில் ஒரு அம்மாள் என் மகளின் இரட்டைப் பின்னலைத் தொட்டுப் பார்த்து, "ஷேம், ஸோ ஸ்வீட்" என்றிருக்கிறார். இவள் வீட்டுக்கு வந்ததும் இரண்டு பின்னலையும் பிரித்துப் போட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். விஷயத்தை வெளியே வாங்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.

'ஜஸ்ட் நவ்.' இங்கே இதற்கு 'இப்போதே' என்று பொருள் இல்லை. 'அப்புறமா, கொஞ்ச நேரம் கழிச்சு' என்று பொருள். 'நவ் நவ்' என்றால் இன்னும் கொஞ்சம் சீக்கிரம். ஒன்றுக்குப் போகக் கேட்ட என் மகளிடம் ஆசிரியை 'ஜஸ்ட் நவ்' என்று சொல்ல, அவள் எழுந்து நடந்திருக்கிறாள். உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். போகலாம் என்றவர் ஏன் உட்கார் என்கிறார் என்று புரியாமல், அன்றிலிருந்து அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். பள்ளி விடும் வரை அடக்கிக்கொண்டு வந்தாள். எனக்குத் தெரிந்ததும் ஆசிரியையிடம் போய்ச் சொன்னேன். அவர் மனம் வருந்தி, உடனே ஒரு ஏற்பாடு செய்தார். மேசையில் ஒரு சிவப்பு அட்டை. அதை எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டால் கேட்காமலே போகலாம். எந்தப் பள்ளியாக இருந்தாலும் இதைக் கேட்டுப் பெறுங்கள். கழிப்பறைக்குப் போக வழி தெரிந்துவிட்டால் பிள்ளையின் பாதிப் பயம் போய்விடும், இது நான் பார்த்த எல்லாக் குடும்பத்திலும் உண்மை.

'ரோபோ.' சாலைச் சந்திப்பில் இருக்கும் சிக்னல் விளக்குக்குப் பெயர். "ரோபோவில் இடது பக்கம் திரும்பு" என்று யாராவது சொன்னால் பிள்ளை கண்ணை அகலத் திறந்துகொண்டு தேடும். தேடட்டும். இந்த ஊரில் அவள் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தது அதற்குத்தான்.

நம் முகம், நம் பெயர், பேச்சு மட்டும் வேறு

இதைப் பற்றி எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டர்பனில் நம் மக்கள் ஏராளம். 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பலில் 342 பேர் இங்கே இறங்கினார்கள். கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகள். 1911 வரைக்கும் கப்பல் கப்பலாக 1,52,000-க்கும் மேற்பட்டவர்கள் இந்தியாவிலிருந்து வந்தார்கள், பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்திலிருந்து. அவர்களின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள்தான் இன்று சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் இருப்பவர்கள். வீட்டு வாசலில் பிள்ளை, நாயுடு, மூட்லி, கோவெண்டர் என்று பெயர்ப் பலகை. பூஜையறையில் முருகன். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், 'போரிஜ் பிரேயர்' என்பார்கள். தைப்பூசத்துக்குக் காவடி.

பிள்ளைக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத் தைப்பூசத்துக்குக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். உடுக்கும் தவிலும் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. பக்கத்தில் மஞ்சள் சேலை, நெற்றி நிறைய விபூதி, என் அம்மா சாயலிலேயே ஒரு பாட்டி. இவள் போய் அவர் கையைப் பிடித்து, "பாட்டி, தண்ணி வேணும்" என்றாள். அந்த அம்மாள் அன்பாகக் குனிந்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். இவள் கையை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே கேள்வி: "நம்ம பாட்டி மாதிரியே இருக்காங்க, ஏம்மா என்கூடப் பேச மாட்டேங்கிறாங்க?" முழுக்க அந்நியமான முகங்கள் அவளை அவ்வளவு கலங்கடிக்கவில்லை. தெரிந்த முகத்திலிருந்து தெரியாத பேச்சு வந்ததுதான் அவளைக் கலங்கடித்தது.

அதனால் கோயிலுக்குப் போகும் முன்பே சொல்லிவிடுங்கள்: "நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடியே இவங்க தாத்தாவோட தாத்தா கப்பல்ல வந்துட்டாங்க. தமிழ்ப் பள்ளிக்கூடம் அதிகம் இல்லை, வேலையில எல்லாரும் வேற பாஷை. அதனால பேச்சு கொஞ்சம் கொஞ்சமா போயிடுச்சு. சாமியும் சாப்பாடும் போகலை." நான் இதைச் சொன்னபோது மகள் கேட்டாள், "கப்பல்ல சின்னப் பிள்ளைங்களும் வந்தாங்களா?" வந்தார்கள் என்றேன். "அவங்களுக்கு ஹாடீடா யாரு சொல்லிக்கொடுத்தா?" எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் தன்னைத் தனி ஆளாக நினைக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கு முன்னாலும் ஒரு பிள்ளை இதே கரையில் நின்று விழித்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிக்கொடுங்கள்: மீதமிருக்கும் சொற்களைத் தேடுவது. அம்மா, தாத்தா, ஆயா, வடை, ரசம், தண்ணி. பழைய குடும்பங்களில் இவை இன்னும் இருக்கின்றன. மகளின் ஆசிரியை நாலாவது தலைமுறைக்காரர், தமிழில் ஒரு வாக்கியம் பேச வராது. ஆனால் அவருடைய ஆயா 'வா, சாப்பிடு' என்பாராம். அந்த இரண்டு சொல்லையும் அவர் என் மகளிடம் சொல்லிக் காட்டிய நாளில், வீட்டுக்கு ஓடிவந்து, "மிஸ்ஸுக்கு ரெண்டு தமிழ் தெரியும்மா!" என்றாள். ஏதோ சொத்து கிடைத்ததுபோல.

"போயிட்டு வர்றேன்"

பள்ளி வாசலில் விட்டுவரும் அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றி. கல்வியாண்டு இங்கே ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும், நான்கு பருவங்கள். ஏழு வயது ஆகும் ஆண்டில் கிரேடு ஒன்று. முடிந்தால் ஜனவரித் தொடக்கத்துக்கே வந்து சேருங்கள். அன்று எல்லாப் பிள்ளைகளும் புதுசு, அழுகிற கூட்டத்தில் உங்கள் பிள்ளையும் ஒன்று. ஜூனில் வந்தால் அது மட்டும்தான் புதுசு.

பிள்ளை பராக்குப் பார்க்கும்போது நைசாக நழுவி வந்துவிடலாம் என்று பலரும் யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். திரும்பிப் பார்த்து அம்மா இல்லை என்றால், அடுத்த நாள் அது பராக்கே பார்க்காது, உங்கள் சேலையை விடாது. அதேபோல ரொம்ப நேரம் நின்று கொஞ்சுவதும் வேண்டாம். நீங்கள் தயங்கினால் உள்ளே ஏதோ ஆபத்து என்று அதற்குப் படும்.

எங்களுக்கு வேலை செய்தது நம் பழைய வழக்கம்தான். நாம் யாரும் வாசலில் 'போறேன்' என்று சொல்வதில்லை. 'போயிட்டு வர்றேன்.' திரும்பி வருவது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இங்கே வாசலில் எல்லோரும் 'பை' என்று கையசைத்துவிட்டுப் போகிறார்கள், அதில் வருவது பற்றி எதுவும் இல்லை. ஒரு நாள் முழங்காலிட்டு அவள் உயரத்துக்கு உட்கார்ந்து, "போயிட்டு வர்றேன்னு சொன்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "வர்றேன்னு அர்த்தம்" என்றாள். அவ்வளவுதான். தினமும் அவள் "போயிட்டு வர்றேன்மா" என்பாள், நான் "போயிட்டு வா" என்பேன், ஒரு முத்தம், திரும்பி நடந்துவிடுவேன். கண் கலங்கினாலும் காருக்குள் போய்த்தான்.

எப்போது வருவீர்கள் என்பதையும் கடிகாரத்தில் சொல்லாமல் சாப்பாட்டில் சொல்லுங்கள். "சின்ன டப்பா ஒரு தடவை, பெரிய டப்பா ஒரு தடவை திறப்பே, அப்புறம் ஒரு பாடம், அப்புறம் அம்மா." சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே போய் நில்லுங்கள், முதல் மாதம் ஒரு நாள்கூடத் தவறாமல்.

டப்பா என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. முதல் மூன்று நாள் சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது. ஏக்கத்தில் சாப்பிடவில்லை என்று நினைத்து நான் அழுதேன். கடைசியில் பார்த்தால் புது டப்பாவின் மூடி இறுக்கம், அவளால் திறக்க முடியவில்லை, யாரிடமும் கேட்கவும் தெரியவில்லை. டப்பா, தண்ணீர் பாட்டில், ஷூ, பையின் ஜிப் எல்லாவற்றையும் வீட்டில் தானாகத் திறந்து மூடிப் பழகிய பிறகே அனுப்புங்கள். இன்னொன்று, நிலக்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காகச் சில பள்ளிகளில் கடலைப் பண்டமே கூடாது. தெரியாமல் எங்கள் ஊர்க் கடலைமிட்டாயை வகுப்புக்கெல்லாம் கொடுத்தனுப்பினேன், பொட்டலம் பிரிக்காமல் திரும்பி வந்தது. தன் ஊரையே வேண்டாம் என்றுவிட்டார்கள் என்று பிள்ளைக்குத் தோன்றிவிட்டது. முன்பே கேட்டுக்கொண்டால் இந்த வருத்தம் இல்லை.

வாய்க்குள் ஏற்கனவே இருக்கும் மூன்று சத்தம்

தென்னாப்பிரிக்காவில் சைகை மொழியையும் சேர்த்து இப்போது 12 ஆட்சி மொழிகள். டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் அதிகம் பேர் பேசுவது சூலு. ஆங்கிலம் வந்தால் போதும் என்று நம் ஆட்கள் சூலுவைக் கண்டுகொள்வதே இல்லை. பிள்ளைக்கு அதிலிருந்துதான் துணிச்சல் வந்தது என்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

சூலுவில் நாக்கைச் சொடுக்கிப் பேசும் மூன்று சத்தங்கள் உண்டு. வகுப்பில் பிள்ளைகள் அதைச் செய்யும்போது தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று மகள் நினைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் கண்ணாடி முன் உட்கார்ந்தோம். முதல் சத்தம், 'ப்ச்' என்று நாம் உச்சுக் கொட்டுவோமே, நாக்கு நுனியைப் பல்லில் வைத்து, அதேதான். இரண்டாவது, குதிரை ஓடுகிற மாதிரி நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'டொக்' என்று விடுவது. எல்லாப் பிள்ளைகளும் விளையாட்டில் செய்வது. மூன்றாவது, மாட்டு வண்டிக்காரர் மாட்டை விரட்ட வாயின் ஓரத்தில் போடும் சத்தம். என் அப்பா வண்டி ஓட்டியவர், அதை நான் செய்து காட்டினேன். "இது மூணும் நமக்கே தெரியுமேம்மா!" என்றாள். காதணிக்குச் சூலுவில் சொல்லும் சொல்லில் அந்த உச்சு இரண்டு முறை வரும். முட்டைக்கு உள்ளே ஒரு 'டொக்'. தவளைக்கு மாட்டு வண்டிச் சத்தம் இரண்டு முறை. தவளையைச் சொல்லிச் சொல்லி அன்று முழுக்க வீட்டில் வண்டி ஓடியது.

வணக்கத்துக்கு 'சாவுபோனா'. 'உன்னைப் பார்த்தோம்' என்பதுபோல அதற்குப் பொருள். பதிலுக்கு 'யெபோ'. நன்றிக்கு 'ங்கியபோங்கா'. வயதில் பெரிய ஆண்களை 'பாபா' என்றும், பெண்களை 'மாமா' என்றும் அழைப்பதுதான் மரியாதை. பெண்ணைப் போய் மாமா என்று எப்படிக் கூப்பிடுவது என்று நம் பிள்ளைகள் விழிக்கும், பரவாயில்லை, இரண்டு நாளில் பழகிவிடும்.

பள்ளிக் கேட்டில் ஒரு காவலர் நிற்பார். நல்ல உயரம், பெரிய குரல், கையில் ஒரு தடி. தினமும் அவரைத் தாண்டும்போது மகள் என் பின்னால் போய் ஒளிவாள். நான் எதுவும் சொல்லவில்லை. ஒரு வாரம் நான் மட்டும் "சாவுபோனா, பாபா" என்றேன். அடுத்த வாரம் என் பின்னாலிருந்து ஒரு முணுமுணுப்பு. அதற்கடுத்த திங்கள்கிழமை கேட்டுக்குப் பத்தடி முன்னால் என் கையை விட்டாள். பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தனியாக நடந்துபோய், அவர் முன்னால் நின்று, தலையை முழுக்க அண்ணாந்து பார்த்து, "சாவுபோனா பாபா" என்றாள். அவர் தடியைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி, குனிந்து, "யெபோ, சாவுபோனா" என்றார். அவள் திரும்பி என்னைப் பார்க்கவே இல்லை. நேராக உள்ளே போய்விட்டாள்.

அதனால் சொல்கிறேன், ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்கள், ஒரே ஒரு சொல்லைக் கொடுங்கள், நீங்கள் முதலில் பலமுறை செய்து காட்டுங்கள். "சொல்லு, சொல்லு" என்று முதுகில் தள்ளாதீர்கள்.

கம்பி, கேட், அலாரம், கடல்

இங்கே வீடுகளில் உயர்ந்த மதில், மின்வேலி, ஜன்னலுக்கெல்லாம் கம்பி, அலாரம். திறந்த திண்ணையில் வளர்ந்த பிள்ளைக்கு இது ஜெயில் மாதிரி இருக்கும். பாதுகாப்பில் நீங்கள் கவனமாக இருக்கத்தான் வேண்டும், ஆனால் திருட்டுக் கதைகளைச் சாப்பாட்டு மேசையில் பிள்ளை முன்னால் பேசாதீர்கள். அதற்குப் பதில் ஒரு வேலை கொடுங்கள். எங்கள் வீட்டில் கேட் ரிமோட் பொறுப்பு மகளுக்கு. கார் நின்றதும் நான் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சரி என்பேன், அவள் அழுத்துவாள், முழுக்க மூடும்வரை கண்ணெடுக்காமல் பார்ப்பாள். அலாரம் எப்படி அடிக்கும் என்பதை ஒரு பகல் நேரத்தில் நீங்களே அடித்துக் காட்டிவிடுங்கள். உங்கள் போன் எண்ணை ராகம் போட்டுப் பாட்டாக மனப்பாடம் செய்ய வையுங்கள். போலீஸுக்கு 10111, கைபேசியிலிருந்து அவசரத்துக்கு 112.

கடலைப் பொறுத்தவரை, திருச்செந்தூர் அலையைப் பார்த்த பிள்ளையாக இருந்தாலும் டர்பன் அலை வேறு. சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவேதான் இறங்க வேண்டும், அங்கேதான் உயிர்காப்பாளர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சுறா வராமலிருக்க 1952-லிருந்தே இந்தக் கரையில் வலை போட்டிருக்கிறார்கள். கரையோரத்தில் பிள்ளைகளுக்கென்று ஆழமில்லாத குளங்கள் இருக்கின்றன, அங்கே தொடங்குங்கள். கொம்பு வைத்த பெரிய தலையலங்காரமும் பாசிமணியுமாக ரிக்‌ஷா இழுப்பவர்கள் அங்கே நிற்பார்கள். பார்த்ததும் பிள்ளை அலறினால் தூரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கட்டும். மூன்றாவது வாரம் அதுவே ஏறலாமா என்று கேட்கும்.

வீட்டுக்குள் தமிழை நிறுத்தாதீர்கள்

சீக்கிரம் ஆங்கிலம் வரட்டும் என்று வீட்டிலும் ஆங்கிலத்துக்கு மாறிவிடும் பெற்றோர் நிறையப் பேர். வேண்டாம். நாள் முழுக்க அரைகுறையாகப் புரிந்துகொண்டு களைத்துப்போய் வரும் பிள்ளைக்கு முழுசாகப் புரியும் ஓர் இடமாவது இருக்க வேண்டும். பள்ளி விட்டு வரும் இரண்டு மணிக்குக் கோவில்பட்டியில் மாலை ஐந்தரை. பாட்டி விளக்கேற்றும் முன் சும்மா இருக்கும் நேரம். தினமும் அந்த நேரத்துக்குப் போன். "இன்னைக்கு என்ன கத்துக்கிட்ட?" என்று பாட்டி கேட்க மாட்டார், "இன்னைக்கு எனக்கு என்ன சொல்லித்தரப் போற?" என்றுதான் கேட்பார். மகள் சூலுத் தவளையைச் சொல்லிக்கொடுத்த அன்று அந்தப் பக்கம் தெருவே கூடிவிட்டது.

வகுப்பில் பல வாரம், ஏன், சில மாதம்கூட வாய் திறக்காமல் இருக்கும் பிள்ளைகள் உண்டு. புது மொழியைக் காதில் சேர்த்துவைக்கிற காலம் அது, அவசரப்படுத்த வேண்டாம். ஆனால் வீட்டிலும் பேசாமல் போனால், தூக்கமும் சாப்பாடும் மாதக்கணக்கில் கெட்டிருந்தால், விட்டிருந்த படுக்கை நனைப்பது திரும்ப வந்து நிற்காமல் போனால், ஆசிரியையிடமும் குழந்தை மருத்துவரிடமும் பேசுங்கள். யாராவது பள்ளியில் தொந்தரவு செய்கிறார்களா என்பதையும் பொறுமையாகக் கேளுங்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் நினைக்கும்போது டிசம்பர் விடுமுறை வரும். ஊருக்குப் போய்ப் பாட்டி மடியில் இருந்துவிட்டு வந்த பிள்ளை ஜனவரியில் மறுபடி முதல் நாள்போல அழும். எங்களுக்கும் அப்படித்தான் ஆனது. நான் பதறிப்போய்ப் பழைய வார்த்தையை எடுக்கப் பார்த்தேன், நல்லவேளை வாய்க்குள்ளேயே நிறுத்திக்கொண்டேன். பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் இருவரும் நடந்துபோய்ப் பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றோம். கம்பி வழியாக எட்டிப் பார்த்து, புது வகுப்பறை எந்தப் பக்கம், கழிப்பறைக்கு எந்த வழி, சிவப்பு அட்டையை எந்த மிஸ்ஸிடம் கேட்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். புல்தரையில் நாலு ஹாடீடா மேய்ந்துகொண்டிருந்தன. அவள் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவற்றை ஒவ்வொன்றாக எண்ணினாள். அப்புறம், "புது டப்பா வாங்கினியே, அதோட மூடிய இன்னைக்கு ராத்திரி நான் திறந்து பாக்கணும்" என்றாள்.